எந்தப் பாடத்துக்கு வேண்டும்?

"வயசானவங்களுக்கு இதெல்லாம் வராதுங்க." மூத்த ஆசிரியர்களைப் பற்றிய இந்தப் பேச்சு காதில் விழாத ஆய்வுக்கூட்டம் ஒன்றில்கூட நான் உட்கார்ந்ததில்லை. ஸ்மார்ட் போர்டு மாட்டியாகிவிட்டது, டேப் கொடுத்தாகிவிட்டது, பயிற்சியும் நடந்துவிட்டது. பள்ளிக்குப் போய்ப் பார்த்தால் தூசி படாமல் போர்டின் மேல் பழைய வேட்டி போர்த்தியிருக்கிறது. ஏன் என்று கேட்டால் இதுதான் பதிலாக வரும். கேட்டவரும் சரிதான் என்று தலையாட்டிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார். காரைக்குடியில் குடியிருந்துகொண்டு புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம், அரிமளம் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஆசிரியர் பயிற்றுநராகப் பல வருடம் போய்வந்துகொண்டிருப்பவள் நான். இந்தப் பேச்சு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இது உண்மையில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே நாம் செய்யவேண்டிய வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் எண்ணம்.

எங்கள் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டிய எந்த டீச்சரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். மகனோ மகளோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருப்பார்கள். இரவானால் வீடியோ காலில் பேரப்பிள்ளையோடு பேசுவார். மளிகைக் கடையில் ஜிபே பண்ணுவார். ஏலச்சீட்டுக் கணக்கை வாட்ஸ்அப்பிலேயே முடித்துவிடுவார். பல்லவன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்காவிட்டால் காலையிலேயே போனோடு உட்கார்ந்து தட்கல் போடுவார். வகுப்பறையில் நாம் கொடுத்திருக்கும் செயலிகளைவிட தட்கல் பல மடங்கு கடினம். அதைச் சமாளிக்கிற கைக்கு ஒரு போர்டைத் தொட்டு வீடியோ போட வராது என்றால் யார் நம்புவது? அப்படியானால் வீட்டில் வருவது வகுப்பில் ஏன் வரவில்லை என்று யோசிக்கவேண்டும். கூட்டங்களில் அந்த யோசனைக்குத்தான் நேரம் இருப்பதில்லை.

கருவிக்கு இப்போது குறைவில்லை. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் க்யூஆர் கோடு இருக்கிறது. 2024 வாக்கில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ 80 ஆயிரம் டேப்கள் வந்தன. 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறை என்று திட்டமும் வந்தது. இந்தியாவின் பல மாநிலங்களில் இதைக் கனவுகூடக் காண முடியாது, எனக்கு இதில் பெருமை உண்டு. பணம் போட்டு வாங்கியாயிற்று. வாங்கியதற்கும் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஏதோ ஒன்று புரிவதற்கும் இடையில் ஓர் ஆசிரியர் நிற்கிறார். அவருக்கு நாம் என்ன செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

பயிற்சி நாள்

ஆசிரியராக இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான், சுருக்கமாகவே சொல்கிறேன். வட்டார வள மையத்தில் ஓர் அறை. நாற்காலி போதாமல் பக்கத்து வகுப்பிலிருந்து பெஞ்சு வரும். பயிற்சி கொடுக்கும் கருத்தாளர் லேப்டாப்பைத் திரையில் போட்டு ஒவ்வொரு மெனுவாகத் திறந்து காட்டுவார். பின்வரிசைக்கு எழுத்து தெரியாது. ஒரே வைஃபையில் அத்தனை பேரும் ஏறியதும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பாஸ்வேர்டு மறந்தவருடைய ஓடிபி தலைமையாசிரியர் போனுக்குப் போகும், தலைமையாசிரியர் வேறொரு கூட்டத்தில் இருப்பார். மதியம் வரை லாகின்தான் ஓடும். சாப்பாட்டுக்குப் பிறகு "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்ற கேள்வி, "புரிஞ்சுது" என்ற கூட்டுக்குரல், பின்னூட்டப் படிவம், குழுப் படம். கருத்தாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களும் முந்தின வாரம் மாவட்ட அளவில் இதே மாதிரி ஓர் அறையில் உட்கார்ந்து ஒரே ஒரு முறை பார்த்தவர்கள்தான். மாநிலத்திலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து வட்டாரம், வட்டாரத்திலிருந்து பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் கூடும் குறுவள மையம் என்று இறங்கி வரும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கசிந்துவிடுகிறது. கடைசியில் ஆசிரியருக்கு வந்து சேர்வது மெனுவின் பெயர்கள் மட்டும்.

இதில் யாரும் கணக்கில் எடுக்காத இன்னொன்று உண்டு. எங்கள் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஈராசிரியர் பள்ளிகள் ஏராளம். ஒரு டீச்சர் பயிற்சிக்குப் போனால் மீதமிருக்கிற ஒருவர் ஐந்து வகுப்பையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்துச் சமாளிக்கவேண்டும். அன்றைக்குப் பாடம் நடக்காது. பயிற்சியில் உட்கார்ந்திருக்கும் டீச்சருக்கு மனம் பள்ளியில்தான் இருக்கும். ஆண்டுக்கு 50 மணி நேரம் தொடர் பணித்திறன் மேம்பாடு வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை எழுதி வைத்திருக்கிறது. மணிக்கணக்கு எழுதுவது எளிது. அந்த மணிகள் யாருடைய வகுப்பிலிருந்து எடுக்கப்படுகின்றன, அந்த வகுப்புக்கு எந்த வடிவில் திரும்பி வருகின்றன என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பயிற்சி முடிந்து பள்ளிக்குத் திரும்பிய ஆசிரியருக்கு அதன்பிறகு உதவிக்கு யாரும் வருவதில்லை. வருகிற முதல் ஆள் எத்தனை மணி நேரம் போர்டு ஓடியது என்று பார்க்க வருகிறார். கற்றுக்கொடுப்பதற்கும் கணக்குக் கேட்பதற்கும் இடையில் துணை நிற்கும் ஒரு கட்டம் இருந்திருக்கவேண்டும். நம் ஏற்பாட்டில் அது இல்லவே இல்லை.

தென்னமெரிக்காவில் உள்ள பெருவில் கருவி கொடுப்பதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். 2008இலிருந்து அந்த நாடு ஏழைக் குழந்தைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்தது. அங்குள்ள 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு ஆய்வு செய்து 2012இல் முடிவு வெளியிட்டார்கள். பிள்ளைகள் கணினியைப் பயன்படுத்துவது நன்றாகக் கூடியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் சொல்லிக்கொள்ளும்படி எந்த முன்னேற்றமும் இல்லை. பெட்டி வந்து சேர்ந்தது, வகுப்பறையில் பாடம் நடந்த விதம் மாறவில்லை. மலைநாட்டுப் பெரு எங்கே, திருமயம் எங்கே என்று தோன்றலாம். அதைப் படித்தபோது எனக்கு வேட்டி போர்த்திய போர்டுகள்தான் கண்ணுக்குள் வந்தன.

பயம் எதன் மேல்

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிரான்சஸ் ஃபுல்லர் என்ற அம்மையார் ஆசிரியர்களின் கவலைகளைப் பற்றி ஆராய்ந்து 1969இல் எழுதினார். புதிதாக ஒன்றுக்குள் இறங்கும் ஆசிரியருக்கு முதலில் வருவது தன்னைப் பற்றிய கவலை: என்னால் முடியுமா, பிள்ளைகள் முன்னால் என் நிலை என்ன ஆகும். அது அடங்கிய பிறகுதான் வேலையைப் பற்றிய கவலை, எப்படிச் செய்வது என்பது. அதற்கும் பிறகுதான் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்ற கவலை மேலே வருகிறது. அவர் ஆராய்ந்தது பணிக்குப் புதிதாக வருகிற ஆசிரியர்களை. பின்னால் வந்தவர்கள், முப்பது வருட அனுபவம் உள்ளவர்களும் புதிய முறை ஒன்று வந்தால் இதே வரிசையில்தான் நடக்கிறார்கள் என்று கண்டார்கள். நம் பயிற்சிகளோ இரண்டாவதிலிருந்து தொடங்குகின்றன, ஆய்வுகள் மூன்றாவதைக் கேட்கின்றன. முதலாவதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

ஒரு வகுப்பில் நான் கண்ணால் கண்டது. கிழக்குப் பார்த்த பழைய கட்டடம். ஊர்ப் பெரியவர்கள் கட்டிக்கொடுத்தது, தேக்கு நிலை, ஆளுயர ஜன்னல். காலை பத்து மணி வெயில் ஜன்னல் வழியாக நேரே போர்டில் அடிக்கிறது. படம் பாதி தெரிகிறது. டீச்சர் விரலால் ஒரு பொத்தானைத் தொடுகிறார், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்துகிறார். வேறெதுவோ திறக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், நல்ல மனதோடுதான், "டீச்சர், அங்க இல்ல, மேல" என்கிறான். இரண்டு மூன்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர் போர்டை அணைத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தார். அடுத்த நிமிடமே குரல் பழையபடி கணீரென்று வந்துவிட்டது. அந்த ஊரில் அவர் அம்மாக்களுக்கும் பாடம் நடத்தியவர், இப்போது அவர்கள் பிள்ளைகளுக்கு நடத்துகிறார். வகுப்பில் தெரியாது என்று நின்றதே இல்லை. அந்த மரியாதையில்தான் வகுப்பே நடக்கிறது. அதைப் பணயம் வைத்துத்தான் அவர் போர்டைத் தொடவேண்டியிருக்கிறது என்பதை நாம் புரிந்துகொள்ளவேண்டும். வீட்டில் தட்கல் தவறினால் டிக்கெட்தான் போகும்.

கண்மாய்க்குள்ளே ஒரு சைக்கிள்

ராயவரம் பக்கத்தில் ஒரு சிறிய பள்ளி. அங்கே ஓய்வுக்கு இன்னும் சில வருடங்களே இருக்கும் ஒரு டீச்சர். "தொழில்நுட்ப ஆர்வம் குறைவு" என்று வட்டாரத்தில் அவருக்கு ஒரு பெயர் ஏற்பட்டிருந்தது. நானும் கேள்விப்பட்டுத்தான் போனேன். மதிய உணவு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த நேரம். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எப்படியோ அறிவொளிக்குப் போனது.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு அறிவொளி இயக்கத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. 1991இல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது மாவட்டம் முழுக்க நடந்த எழுத்தறிவு இயக்கம். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். வயலுக்கும் கல்குவாரிக்கும் நடந்தே போய்க்கொண்டிருந்த பல்லாயிரம் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். இந்த டீச்சர் அப்போது ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த பெண். தொண்டராகப் போயிருக்கிறார். முதலில் தான் கற்றுக்கொண்டு, பிறகு தன் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அன்றைக்கு அந்த மாவட்டத்தில் ஒரு பெண்ணுக்குச் சைக்கிள் என்பது எவ்வளவு பெரிய கருவி என்று நினைத்துப் பாருங்கள். தொழில்நுட்ப ஆர்வம் குறைவு என்று நாம் எழுதி வைத்திருந்தது இவரைப் பற்றி.

எப்படிக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை முடிந்தவரை அவர் பேச்சிலேயே தருகிறேன்.

"சைக்கிளப் பாக்குறதுக்கு முன்னால எடத்தப் பாத்தேம்மா. டீக்கடை வாசல்ல அம்புட்டு ஆம்பளைகளும் ஒக்காந்திருக்கும்போது எவ ஏறுவா? விழுந்தா ஊரே சிரிக்கும். அதனால கண்மாய்க்குள்ள கூட்டிட்டுப் போயிருவேன். கோடையில தண்ணி வத்தி தரை காஞ்சு கெடக்கும். பொழுது சாஞ்சப்புறம் போவோம். அங்க விழுந்தா நாங்க மட்டுந்தான் சிரிப்போம். நானும் விழுந்திருக்கேன்ல."

கொஞ்சம் நிறுத்திவிட்டு இன்னொன்று சொன்னார். "பின்னால கேரியரப் பிடிச்சுக்கிட்டே ஓடணும். சில பேரு பிடிச்சிருக்கேன் பிடிச்சிருக்கேன்னு சொல்லிட்டு விட்டுருவாங்க. நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஒரு தடவ பொய் சொன்னா மறுநா அவ வர மாட்டா. விடப்போறேன்னு சொல்லிட்டுத்தான் விடுவேன்." அதற்கும் மேல், யாரையும் சும்மா ஏற்றவில்லையாம். நீ எங்கே போகணும் என்று முதலில் கேட்பாராம். ஒருத்திக்குக் குவாரியில் வேலை செய்யும் புருஷனுக்குச் சோறு கொண்டுபோகவேண்டும். ஒருத்திக்கு இரண்டு குடம் தண்ணீர். தண்ணீர் கேட்டவளுக்கு ஆம்பளை சைக்கிள்தான் வசதி, கேரியர் கெட்டி. அவளை லேடீஸ் சைக்கிளில் பழக்கினால் வீணாகிவிடும்.

நான் நிறையப் பயிற்சிக் கையேடுகளைப் படித்திருக்கிறேன், எழுதவும் உதவியிருக்கிறேன். இந்த மூன்று விஷயமும் இவ்வளவு தெளிவாக எதிலும் இல்லை. நம் பயிற்சி டீக்கடை வாசலில் நடக்கிறது, அத்தனை பேர் பார்க்க. உதவுகிறேன் என்று வருகிறவர் கையிலேயே ஆய்வுப் படிவமும் இருக்கிறது. பிடித்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு விடுவது என்றால் இதுதான். எங்கே போகணும் என்று யாரும் கேட்பதேயில்லை. எல்லோருக்கும் ஒரே சைக்கிள்.

அதனால் அவரிடம் கேட்டேன்: "டீச்சர், உங்களுக்கு எந்தப் பாடத்துக்கு வேணும்?" அவர் யோசிக்கவே இல்லை. "விதை முளைக்கிறது. வருசா வருசம் பயறு நனைச்சு வச்சுக் காட்டுறேன். ஆனா பயறு ராத்திரியில முளைச்சிருதும்மா, புள்ளைக தூங்கிருதுக. காலையில வந்து பாத்தா வேரு வந்திருக்கு. வர்றத யாரும் பாத்ததில்ல." இத்தனை வருடம் நடத்திய பாடத்தில் எந்த இடத்தில் சாக்பீஸும் பயறும் போதவில்லை என்று அவருக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது. கேட்டவர்தான் இல்லை.

நாலு மணிக்குப் பள்ளி விட்ட பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும். விதை முளைப்பதை வேகமாக ஓட்டிக் காட்டும் வீடியோ ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோயிருந்தேன், அந்த ஊர் நெட்டை நம்ப முடியாது என்பதால். அவருக்கு வேண்டியது வீடியோவை நினைத்த இடத்தில் நிறுத்துவது. அங்கேதான் சிக்கல் என்ன என்று தெரிந்தது. நிறுத்துகிற பொத்தான் சில நொடிகளில் தானாக மறைந்துவிடுகிறது. அது மறைந்ததும் எதையோ தப்பாகத் தொட்டுக் கெடுத்துவிட்டோம் என்று அவர் நினைத்திருக்கிறார். பயிற்சி நாளில் அவர் போர்டைவிட்டு விலகி நின்றதற்குக் காரணமே அதுதான். திரையில் எங்கே தொட்டாலும் பொத்தான் திரும்பி வரும் என்று காட்டினேன். தொட்டார், வந்தது. விட்டார், மறைந்தது. மறுபடி தொட்டார். அன்றைக்கு மீதி நேரம் முழுக்க அதைத்தான் செய்தோம். எந்த மெனுவையும் நான் திறக்கவில்லை.

வகுப்பு நாளில் நான் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கையில் நோட்டு இல்லை, போனும் பைக்குள். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தால் மட்டும் எழுந்து வருவேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். பாடத்தை மதியத்துக்கு மாற்றிக்கொண்டார், வெயில் அப்போது மறுபக்கம் போய்விடும். அந்த யோசனை அவருடையது. இரண்டு நாள் முன்பே ஒவ்வொரு குழுவுக்கும் ஈரத்துணியில் பாசிப்பயறு கட்டிக் கொடுத்திருந்தார். வீடியோவில் விதை உப்பி, தோல் வெடிக்கப்போகும் நேரம் பார்த்து நிறுத்தினார். "இப்ப மொதல்ல என்ன வரும்? வேரா, இலையா?" பாதிக்கு மேல் இலை என்றார்கள். இலை ஒரு பக்கம், வேர் ஒரு பக்கம் என்று கரும்பலகையில் பெயர்களை எழுதினார். பிறகு ஓட்டினார். வேர் எட்டிப் பார்த்ததும் கூச்சல். மறுபடி நிறுத்தி, "உங்க பயற அவுத்துப் பாருங்க" என்றார். துணியை அவிழ்த்து, திரையைப் பார்த்து, பயறைப் பார்த்து, ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், பயறத் தலைகீழா வச்சா வேரு மேல போகுமா?" வேர் எப்படியும் கீழே திரும்பும் என்பது நமக்குத் தெரியும். அவர் பதில் சொல்லவில்லை. வைத்துப் பார்ப்போம் என்று வேறொரு துணியை எடுத்தார். அந்த வகுப்பில் அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? எந்தக் கருத்தாளராலும் முடியாது. ஒரு பாடத்தைக் குழந்தைக்குப் புரியும்படி எப்படி உடைப்பது, எங்கே தப்பாகப் புரிந்துகொள்ளும் என்கிற அறிவு ஆசிரியருக்கு மட்டுமே உரியது என்று 1986இல் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் எழுதினார். பாடம் தெரிவது வேறு, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது வேறு, இது மூன்றாவது. இருபது வருடம் கழித்து மிஸ்ரா, கோலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தொழில்நுட்பத்தை அதனோடு இணைத்துப் பேசினார்கள். பாடம், கற்பித்தல், தொழில்நுட்பம் மூன்றும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் அவர்களுடைய மூன்று வட்டப் படம் இப்போது எல்லாப் பயிற்சிக் கையேட்டிலும் இருக்கிறது. படத்தைக் காட்டிவிட்டு உடனே மெனுவுக்குத் தாவிவிடுகிறோம். வயதான ஆசிரியர்கள் ஷுல்மன் சொன்ன அந்த மூன்றாவது அறிவில் பெருஞ்செல்வர்கள். அவர்களிடம் இல்லாதது ஒரு பொத்தானைப் பற்றிய தகவல் மட்டுமே. அதை வைத்து அவர்களுக்கு வராது என்று எழுதிவிட்டோம்.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கருவியை வேகமாகக் கையாளும் இளம் ஆசிரியர்கள் பலர் நாற்பது நிமிட வீடியோவை அப்படியே ஓட்டிவிடுகிறார்கள். பயன்பாட்டுக் கணக்கில் அவர்கள் பள்ளி மேலே நிற்கும். அவர்களுக்கும் துணை வேண்டும், வேறு வகையான துணை. ராயவரம் டீச்சரின் வகுப்பில் ஒரு மதியம் உட்கார்ந்து பார்த்தால் போதும் என்று நினைக்கிறேன். அவருக்கு இவர்களிடமிருந்து பொத்தானும் இவர்களுக்கு அவரிடமிருந்து கேள்வியும் கிடைக்கும். சம்பளத்துக்கு மேல் ஒரு பைசா செலவில்லை.

இது புதிய யோசனையும் இல்லை. பிள்ளைகள் அட்டைகளை வைத்துப் படிப்படியாகத் தாங்களே கற்கும் செயல்வழிக் கற்றலை நம் மாநிலத்தில் கொண்டுவந்தபோது சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் ஆந்திராவில் இருக்கும் ரிஷிவேலிப் பள்ளிக்குப் போய், அங்கே வகுப்பு நடப்பதை நேரில் பார்த்து வந்தார்கள். 2003இல் சில பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவியது. அட்டைகளும் ஏணிப்படியும் பின்னால் எப்படித் தேய்ந்தன என்பது வேறு கதை. ஆனால் அன்றைக்கு மாறிய ஆசிரியர்களைக் கேட்டால், இன்னொரு ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களில் இதையே ஆராய்ந்து பார்த்தார்கள். விளக்கிச் சொல்வது, செய்து காட்டுவது, அரங்கில் பழகுவது இவ்வளவோடு நின்றால் வகுப்பறைக்குப் போய்ச் சேர்வது மிகக் கொஞ்சம். சக ஆசிரியர் ஒருவர் வகுப்பிலேயே உடனிருந்தால்தான் அது அன்றாடப் பழக்கமாகிறது என்று அவர்கள் சொன்னது நாற்பது வருடத்துக்கு முன்னால்.

ஆய்வும் உதவியும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். என் பணியிலேயே இரண்டும் இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். படிவத்தோடு போன நாளில் எந்த டீச்சரும் எனக்குத் தெரியாது என்று சொன்னதில்லை. படிவம் இல்லாமல் போன நாட்களில் அந்தச் சொல் பத்து நிமிடத்தில் வந்துவிடும். அது வந்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. போர்டு எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கையும் விட்டுவிடவேண்டும். வேண்டாம் என்று அணைத்துவைக்கிற உரிமை ஆசிரியருக்கு வேண்டும். பின்னக் கணக்குக்கு ராயவரம் டீச்சர் இன்றைக்கும் போர்டைத் தொடுவதில்லை, கொழுக்கட்டை மாவை உருட்டிப் பங்கு போடுகிறார். அந்த வகுப்பை நான் பார்த்திருக்கிறேன். எந்த வீடியோவும் அதற்குப் பக்கத்தில் வராது.

குறுவள மையக் கூட்டத்தின் பாதி நாளை எடுத்து, இரண்டு இரண்டு ஆசிரியர்களாகப் பிரித்து, ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்கார அனுமதி வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. ஈராசிரியர் பள்ளியில் மாற்று ஏற்பாடு யார் செய்வது என்ற கேள்வியில் அது நிற்கிறது, நியாயமான கேள்விதான். இதற்கிடையில் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் ராயவரம் டீச்சருக்குப் போன் செய்திருக்கிறார், எனக்கும் காட்டுங்கள் என்று. இவர் கேட்ட முதல் கேள்வி எந்தப் பாடத்துக்கு என்பதுதான். நிலா வளர்வதும் தேய்வதும் என்றாராம். வெள்ளிக்கிழமை மதியம் ராயவரம் டீச்சர் ஸ்கூட்டியில் அந்தப் பள்ளிக்குப் போகிறார். அந்த நேரம் அவருடைய நாலாம், ஐந்தாம் வகுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.